அடிமுத்திரையை நம்பி மிங் ஜாடி வாங்காதீர்கள்

பழம்பொருள் கடையில் சீனப் பீங்கான் ஜாடி ஒன்றை விலை கேட்டால், விற்பவர் முதலில் அதைக் கவிழ்த்து அடியைக் காட்டுவார். நீல நிறத்தில் ஆறு சீன எழுத்துகள் இருக்கும். “மிங் ராஜா பேரு சார், ஐந்நூறு வருஷத்துப் பொருள்” என்பார். வாங்க வந்தவர் அங்கேயே மயங்கிவிடுகிறார். எல்லாச் சான்றுகளிலும் வலுக்குறைந்தது அந்த எழுத்துதான்.

பேரரசர் பெயரை நகலெடுப்பது இன்று தொடங்கிய வேலையல்ல. மிங்குக்குப் பின் வந்த சிங் வம்சத்தின் காங்ஷி பேரரசர் ஆண்ட காலத்தில் (1662–1722) ஜிங்தெஜென் நகரத்துக் குயவர்களே, 15ஆம் நூற்றாண்டின் மிங் பேரரசர் செங்குவாவின் பெயரைத் தங்கள் பாத்திரங்களில் எழுதினார்கள். முன்னோர் கைவண்ணத்துக்குச் செய்த மரியாதையாகவும் அது இருந்தது. அதே நகரத்தில் இன்றும் பழைய பாணிப் பாத்திரங்கள் செய்கிறார்கள். நகல் என்று சொல்லி விற்றால் குற்றமில்லை. பழையது என்று சொல்லி விற்கும்போதுதான் மோசடி. பெரிய ஏல நிறுவனங்களின் பட்டியலில் ‘இன்னார் முத்திரை’ என்று மட்டும் இருந்தால் ஒரு பொருள். ‘முத்திரையும் அக்காலத்ததே’ என்று இருந்தால் வேறு பொருள். அந்த ஒரு சொல்லில் விலை பல மடங்கு மாறும்.

எழுத்தை விட்டுவிட்டு, பாத்திரம் தரையில் நிற்கும் அடிவிளிம்பைப் பாருங்கள். அங்கே மெருகு இருக்காது, களிமண் வெளியே தெரியும். பழைய பாத்திரங்கள் பலவற்றில் மண்ணிலுள்ள இரும்பு சூளையில் வெந்து, மெருகு முடியும் ஓரத்தில் இளஞ்செம்மை படர்ந்திருக்கும். போலி செய்பவர்கள் பழுப்புச் சாயம் பூசி அதைக் காட்டப் பார்ப்பார்கள். பூச்சு பெரும்பாலும் சீராக, குழிகளில் தேங்கி நிற்கும். கீறல்களை உருப்பெருக்கியில் பாருங்கள். நூற்றாண்டுகள் புழங்கிய தட்டில் அவை பல திசைகளில், ஆழம் மாறி மாறிக் கிடக்கும். உப்புத்தாள் தேய்த்தால் ஒரே திசையில் ஓடும்.

நிறமும் காட்டிக்கொடுக்கும். மெருகின்மேல் தீட்டும், ஒளி ஊடுருவாத இளஞ்சிவப்பு வண்ணம் சீனாவில் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் புழக்கத்துக்கு வந்தது. மிங் ஆட்சியோ 1644இல் முடிந்துவிட்டது. இளஞ்சிவப்புப் பூக்களோடு ‘மிங்’ முத்திரை இருந்தால் வேறு சோதனையே தேவையில்லை. அடியில் ஆங்கிலத்தில் ‘சைனா’ என்று அச்சிட்டிருந்தாலும் அப்படித்தான்: இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் கட்டாயமாக்கியது 1891இல்.

இத்தனை பார்த்தாலும் உறுதி கிடைக்காமல் போகலாம். 2022இல் பிரான்சில் 2,000 யூரோதான் பெறும் என்று மதிப்பிடப்பட்ட குடுவை, ஏலத்தில் 77 லட்சம் யூரோவுக்குப் போனது. மதிப்பிட்ட நிபுணர் அதை 20ஆம் நூற்றாண்டுப் பொருள் என்றார். ஏலம் கேட்டவர்கள் ஒப்பவில்லை. வாட்ஸ்அப் படத்தைப் பார்த்து ஒருவர் தரும் ‘உத்தரவாதம்’ எம்மாத்திரம்? வெப்ப ஒளிர்வுச் சோதனை, கடைசியாகச் சூளையில் சுட்ட காலத்தைத் தோராயமாகச் சொல்லும். ஆனால் உண்மையான பழைய அடிப்பகுதியைப் புதிய உடலோடு ஒட்டுபவர்களும் உண்டு. அடியில் மட்டும் மண்ணைத் துளைத்தெடுத்தால் சோதனையும் ஏமாறும்.

சீனாவுக்குச் சுற்றுலா போகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். 1911க்கு முந்தைய தொல்பொருள்களை அங்கிருந்து வெளியே கொண்டுபோவது பொதுவாகத் தடை. ‘சிங் வம்சத்துப் பொருள், தாராளமாகக் கொண்டுபோங்கள்’ என்று சந்தையில் ஒருவர் சொன்னால், பொருள் பொய். அல்லது உங்கள் பயணம் சிக்கல்.

இந்தியாவில் உங்களைக் காப்பது ரசீதுதான். ‘பழைய ஜாடி’ என்று எழுதினால் ஏற்காதீர்கள். எந்தக் காலம், எந்த நாடு, ஒட்டுவேலை உண்டா என்பதை எழுதித் தரச் சொல்லுங்கள். நூறாண்டு தாண்டிய தொல்பொருளை வணிகமாக விற்க, 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி உரிமம் வேண்டும். ‘இருநூறு வருஷம்’ என்பவரிடம் உரிமத்தைக் கேளுங்கள். உண்மையிலேயே தொல்பொருள் என்றால், வெளிநாட்டு உறவினருக்கு நீங்களாக அனுப்பவும் முடியாது.

ஏமாந்துவிட்டால் பொருளைக் கழுவவோ ஒட்டவோ வேண்டாம். ரசீது, விளம்பரம், குறுஞ்செய்திகளைப் பத்திரப்படுத்தி, பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுத்தில் அறிவிப்பு அனுப்புங்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் மாவட்ட ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் புகார் செய்யலாம். அங்கே 50 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருள்களை விசாரிப்பார்கள். லாபத்துக்கு மறுவிற்பனை செய்ய வாங்கியவர் இந்தச் சட்டத்தில் நுகர்வோர் ஆகமாட்டார். அவர் உரிமையியல் நீதிமன்றம் போக வேண்டும். வேண்டுமென்றே ஏமாற்றியிருந்தால் யாராயினும் காவல்துறையில் மோசடிப் புகார் கொடுக்கலாம்.