குடிநோயாளிகளின் கூட்டம்: அயலூரில் கிடைக்கும் துணை

பிழைப்பை நாடி வெளி மாநிலங்களில் குடியேறிய நம் குடும்பங்களில் வாய்விட்டுப் பேசப்படாத துயரங்கள் சில உண்டு. அவற்றுள் குடியும் ஒன்று. சொந்த ஊரில் ஒருவர் நிலை தவறினால் தாய்மாமன் வந்து அதட்டுவார். பெரியப்பா அருகில் அமர்ந்து புத்தி சொல்லுவார். மும்பையிலோ தில்லியிலோ ஓர் அடுக்கு வீட்டில் வாழும் மனைவிக்கு அப்படி யார் இருக்கிறார்? தமிழ்ச் சங்கத்தார் இருக்கிறார்களே எனலாம். ஆனால் சங்கத்தில் ஒருவருக்குத் தெரிந்தால் மறு வாரமே ஊருக்குச் செய்தி போய்விடும், மகளுக்கு வரன் பார்க்கும் இடத்தில் அது தலைநீட்டும் என்னும் அச்சம் வாயைக் கட்டிவிடுகிறது. அவ்வச்சத்தை வீண் என்று தள்ள யான் துணியேன். நம் வட்டம் சிறியது. செய்திக்குக் கால்கள் பல.

இவ்வச்சத்துக்கு இடமளிக்காத அமைப்பு ஒன்று நம் நகரங்களில் நெடுங்காலமாக இயங்கி வருகிறது. 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்பது அதன் பெயர், சுருக்கமாக ஏ.ஏ. என்பர். பெயர் வெளியிடாத குடிநோயாளிகள் என்பது பொருள். 1935-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், பங்குச் சந்தைத் தொழில் செய்த பில் வில்சனும் பாப் ஸ்மித் என்னும் மருத்துவரும் சந்தித்தனர். இருவரும் குடியால் சீரழிந்தவர்கள். ஒரு குடிநோயாளி மற்றொருவரிடம் மனம் திறந்து பேசுங்கால் இருவருக்கும் அன்றைய பொழுது குடியின்றிக் கழிகிறது என்று கண்டனர். இந்தியாவில் இவ்வியக்கம் 1957-இல் பம்பாயில் தொடங்கிற்று. அங்கே அப்போது மதுவிலக்குச் சட்டம் நடப்பிலிருந்தது! கடைகளை அடைத்த ஊரிலும் இத்தகைய கூட்டம் தேவைப்பட்டது என்பது எண்ணத்தக்கது.

கூட்டம் பெரும்பாலும் பள்ளிக்கூட அறையிலோ மாதா கோயிலைச் சேர்ந்த கூடத்திலோ நடைபெறும். இடம் கண்டு மதமாற்றம் என ஐயுற வேண்டா, ஏ.ஏ. எந்த மதத்தையும் சேர்ந்ததன்று. கட்டணம் இல்லை. குடியை விட வேண்டும் என்னும் விருப்பம் ஒன்றே சேர்வதற்குரிய தகுதி. முதற் பெயரைச் சொன்னால் போதும். குலமும் ஊரும் உத்தியோகமும் யாரும் வினவார். குடியை விட்டுப் பத்தாண்டு ஆனவரும் நேற்று வரை குடித்தவரும் அருகருகே அமர்ந்து தத்தம் கதையைச் சொல்லுவர். வீட்டார் எத்துணை மன்றாடியும் அசையாதவர், தம் கதையையே பிறர் வாயால் கேட்கும்போது அசைவதுண்டு.

கூட்டத்தைக் கண்டுபிடிப்பது எப்படி? அரசின் போதை மீட்பு உதவி எண் 14446, கட்டணமில்லை. 2022-இல் தொடங்கிய 'டெலி மானஸ்' என்னும் மனநல உதவி எண் 14416. அதில் தமிழிலும் பேசலாம். பெரிய அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவிலும் விசாரிக்கலாம். விசாரிக்கும்போது கிழமை, நேரம், மொழி ஆகியவற்றோடு, அது 'திறந்த கூட்டமா' என்றும் கேட்டுக்கொள்க. திறந்த கூட்டத்துக்கு வீட்டாரும் உடன் செல்லலாம். மற்றது குடிநோயாளிகளுக்கு மட்டுமே உரியது.

மொழியைப் பற்றி ஒரு சொல். பெங்களூரில் தமிழிலேயே கூட்டங்கள் நடப்பதுண்டு. வேறிடங்களில் இந்தியோ மராத்தியோ ஆங்கிலமோதான் வாய்க்கும். தமிழ்க் கூட்டம் கிடைக்கும் வரை காத்திருப்போம் என்பதை யான் ஒப்பேன். அறிந்தவர் கண்ணில் படுவோமோ என்று அஞ்சுவோருக்கு, இரண்டு ரயில் நிலையம் தள்ளி நடக்கும் இந்திக் கூட்டமே ஏற்றதாகலாம். கடைத்தெருவில் பேசும் இந்தி அதற்குப் போதும்.

கூட்டத்துக்கு முன் மருத்துவர் தேவைப்படுவோரும் உண்டு. நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் சாமி மேல் ஆணையிட்டுத் திடீரென நிறுத்துவது நம்மவர் வழக்கம். இதில் உயிர் ஆபத்தே இருக்கிறது. நிறுத்திய ஓரிரு நாளுக்குள் வலிப்பு வரக்கூடும். இரண்டு முதல் நான்கு நாளுக்குள் கடுநடுக்கமும் மனக்குழப்பமும் இல்லாததைக் காண்பதும் நேரலாம். பேய் பிடித்தது என்று மயங்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்க. மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்தியபின் கூட்டத்துக்குச் செல்வதே சீரான வழி. 2019-இல் வெளியான மைய அரசின் ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையானோரில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் சிகிச்சை பெற்றிருக்கிறார். எஞ்சியோர் வீடுகளில் என்ன நடக்கிறது என்பதை நாம் ஊகிக்கலாம்.

இனிச் சகோதரிகளுக்கு. கணவர் இசையும் வரை நீங்கள் காத்திருக்க வேண்டுவதில்லை. குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கென்றே 'அல்-அனான்' என்னும் தனி அமைப்பு உண்டு. பில் வில்சனின் மனைவி லோயிஸ் 1951-இல் மற்றொரு பெண்மணியோடு சேர்ந்து தொடங்கியது. அவர் குடித்தாலும் குடிக்காவிட்டாலும் நீங்கள் செல்லலாம். புட்டியை ஒளித்து வைப்பது, அலுவலகத்துக்குக் 'காய்ச்சல்' என்று பொய் சொல்லுவது, கடனை மறைவாக அடைப்பது ஆகியவற்றையெல்லாம் செய்து களைத்த பெண்களை அங்கே காண்பீர்கள்.

முதல் நாள் கூட்டத்தில் எதுவும் பேச வேண்டியதில்லை, கேட்டிருந்தால் போதும். முடிந்ததும் பலர் நின்று பேசிக்கொண்டிருப்பர். உடனே கிளம்பிவிடாமல், அங்குள்ள மூத்த உறுப்பினர் ஒருவரின் தொலைபேசி எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுமாறு உங்கள் வீட்டவரிடம் சொல்லியனுப்புங்கள். இரவில் தாகம் வந்து கால்கள் கடையை நோக்கித் திரும்பும் நேரத்தில் அழைப்பதற்கென்றே அந்த எண் தரப்படுகிறது.