கிணற்று நீரில் எண்ணெய்: கண்காணிப்பு எப்படி நடக்கிறது?

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. மாரியில் பெய்யும் மழை சுண்ணாம்புக்கற் பாறைக்குள் இறங்கித் தங்குகிறது. அதைத்தான் தலைமுறை தலைமுறையாகக் கிணற்றில் அள்ளி வருகிறோம். சந்தைக்கு வரும் வெங்காயமும் மரக்கறியும் அந்த நீரில் விளைந்தவை. ஆகவே கிணறு கெட்டால் வியாபாரமும் கெடும் என்பதை வர்த்தகர்களாகிய எமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சுன்னாகத்தில் நடந்தது அனைவரும் அறிந்ததே. அங்குள்ள மின்நிலைய வளாகத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் எண்ணெய் மிதப்பதாக மக்கள் முறையிட்டனர். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை பரிசோதித்த 150 கிணறுகளில் 109 கிணறுகளில் எண்ணெய், கிரீஸ் அளவு அனுமதிக்கப்பட்ட எல்லையைத் தாண்டியிருந்தது. 2015இல் மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். குடிநீர் பவுசர்களில் வந்தது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்று, 2019 ஏப்ரலில் நொதேர்ன் பவர் நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டும் என்று தீர்ப்பானது.

இதற்கிடையில், நீரில் ஆபத்து உண்டென்று ஒரு தரப்பும் இல்லையென்று மறு தரப்பும் சொல்லி வந்தன. எதை நம்புவது என்று தெரியாமல் மக்கள் தவித்தார்கள். இந்தத் தவிப்பு மீண்டும் வராதிருக்க, நிலத்தடி நீரை எவ்வாறு கண்காணிக்கிறார்கள் என்பதை நாம் அறிந்திருப்பது நல்லது.

எரிபொருள் பாவிக்கும் ஒரு தொழிலிடத்தில் முதலில் செய்ய வேண்டியது கண்காணிப்புக் கிணறுகள் அமைப்பது. இவை துளையிட்ட குழாய் இறக்கிய ஒடுங்கிய கிணறுகள். டீசலும் உலை எண்ணெயும் பொதுவாக நீரைவிட இலேசானவை. நீர்மட்டத்தின் மேலே மிதப்பவை. ஆகையால் குழாயின் துளைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலிருந்து கீழ்வரை இருக்க வேண்டும். துளை ஆழத்தில் மட்டும் இருந்தால் மேலே மிதக்கும் எண்ணெய் அகப்படாது.

குறைந்தது மூன்று கிணறுகள் தேவை. மூன்றிலும் நீர்மட்டத்தை ஒரே நாளில் அளந்து ஒப்பிட்டால் நீர் எத்திசையில் நகர்கிறது என்று தெரியும். நீர் வரும் பக்கத்தில் ஒரு கிணறும் போகும் பக்கத்தில் மற்றவையும் இருந்தால்தான், எண்ணெய் இந்த இடத்திலிருந்து கலந்ததா, வெளியிலிருந்து வந்ததா என்று பிரித்துச் சொல்லலாம். எமது சுண்ணாம்புக்கல்லிலோ வெடிப்புகளும் குகைகளும் உண்டு. பக்கத்துக் கிணறு சுத்தமாயிருக்க, தூரத்துக் கிணற்றில் எண்ணெய் தெரியலாம். எனவே இங்கே மூன்று போதாது.

பரிசோதனை முடிவுகள் ஏன் முரண்படுகின்றன? காரணங்கள் பல. மாரியில் நீர்மட்டம் உயரும், கோடையில் இறங்கும். எண்ணெயும் அதனோடு ஏறி இறங்கி மண்ணிலும் கல்லிலும் ஒட்டிக்கொள்ளும். ஒரு மாதத்தில் தெரிவது மறு மாதத்தில் தெரியாது. வாளியில் மேல் நீரை அள்ளுவதும் மோட்டாரில் அடி நீரை இறைப்பதும் ஒன்றல்ல. பிளாஸ்டிக் போத்தலில் எடுத்தால் எண்ணெய் அதன் சுவரில் ஒட்டும். கண்ணாடிப் போத்தலே பொருத்தம். முக்கியமானது, எதைத் தேடினார்கள் என்பது. பெற்றோலில் அதிகம் இருப்பது பென்சீன் போன்ற ஆவியாகும் பொருட்கள். உலை எண்ணெயில் அவை மிகக் குறைவு. ஆகவே பென்சீன் இல்லை என்ற அறிக்கை, எண்ணெயே இல்லை என்ற அறிக்கையாகாது. மறுபக்கம், எண்ணெய்–கிரீஸ் சோதனை சமையல் எண்ணெயையும் சேர்த்தே காட்டும். இரண்டும் செய்தால்தான் முடிவு தெளிவாகும்.

எல்லாவற்றுக்கும் மேலாக வேண்டியது ஆரம்ப இருப்பு. கடை திறந்த அன்று இருப்பு எழுதாதவர், வருட முடிவில் சரக்குக் குறைந்ததென்று எவரிடம் நிரூபிப்பார்? அதுபோலவே, இயந்திரம் ஓடத் தொடங்குமுன் எடுத்த நீர்ப் பரிசோதனை கையில் இல்லாவிட்டால், பின்னால் எவரையும் பொறுப்பாக்குவது கடினம். தொடங்குமுன் ஒரு பரிசோதனை, பின்பு மாரியிலும் கோடையிலும் ஒழுங்காகப் பரிசோதனை, முடிவுகள் ஊருக்குப் பகிரங்கம் — இவை மூன்றையும் நாம் கேட்டுப் பெற வேண்டும்.

எமது பங்கும் உண்டு. மண்ணெண்ணெய் பரலைக் கிணற்றுக்கு அருகில் வெறுநிலத்தில் வைக்கலாகாது. சீமெந்துத் தளமும் சுற்றுக் கட்டும் வேண்டும். ஜெனரேற்றரின் கழிவெண்ணெயை நிலத்தில் ஊற்றலாகாது. கிணற்றில் எண்ணெய் மணமோ வானவில் நிறப் படலமோ கண்டால், கொதிக்க வைத்துக் குடிக்கலாம் என்று எண்ண வேண்டாம். கொதித்தலும் குளோரினும் கிருமியைக் கொல்லும், எண்ணெயை அகற்றமாட்டா. குடிப்பதையும் சமைப்பதையும் உடனே நிறுத்தி, திகதியைக் குறித்து வைத்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு எழுத்தில் அறிவியுங்கள். அந்தக் கடிதத்தின் பிரதி உங்கள் கணக்குப் புத்தகத்தோடு இருக்கட்டும்.