செப்புத் தகடும் மூவேளை மணியும்



"செபிக்க ஆசைதான் சாமி, நேரம்தான் இல்லை." பங்குத்தந்தையர் அடிக்கடி கேட்கும் சொல் இது. இதைச் சாக்குப்போக்கு என்று தள்ளிவிட முடியாது. காரியாபட்டிப் பக்கத்து ஊர்களில் விடியுமுன்பே அடுப்பு எரிகிறது. சோறு வடித்து, பிள்ளைகளைக் கிளப்பி, வேலைக்குப் போகும் வேனைப் பிடிக்க ஓட வேண்டும். செய்த எண்ணிக்கைக்குத்தான் கூலி என்றால், கை ஓய்ந்த நிமிடமெல்லாம் காசு குறையும்.

நற்செய்தியிலும் இப்படி ஒரு நாள் உண்டு. மாற்கு 6ஆம் அதிகாரத்தில், பணி முடித்துத் திரும்பிய திருத்தூதர்களுக்குக் கூட்டத்தின் நடுவே சாப்பிடவும் நேரமில்லை. தனிமையான இடத்துக்குப் போய் ஓய்வெடுக்க இயேசு அவர்களை அழைக்கிறார். படகில் போகிறார்கள். மக்களோ தரைவழியாக ஓடி, முன்பே அங்கு சேர்ந்துவிடுகிறார்கள். அவர்கள்மேல் பரிவுகொண்ட ஆண்டவர் மீண்டும் போதிக்கத் தொடங்குகிறார். அப்படியானால் சீடர்களுக்குக் கிடைத்த அமைதி எவ்வளவு? அந்தப் படகுப் பயணம் மட்டுமே!

திரு அவை நமக்குத் தரும் படகுதான் மூவேளை செபம். காலை 6, நண்பகல் 12, மாலை 6 மணிக்குக் கோவில் மணி ஒலிக்கும். வானதூதர் கொண்டுவந்த செய்தி, மரியா சொன்ன சம்மதம், வாக்கு மனிதரானது ஆகிய மூன்றையும் நினைத்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் 'அருள் நிறைந்த மரியே' சொல்கிறோம். மூன்று நிமிடம் போதும். நண்பகலில் மணியடித்துச் செபிக்கும்படி 1456இல் திருத்தந்தை மூன்றாம் கலிஸ்துஸ் பணித்தார். 1954இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் இச்செபத்தை வானொலி வழியே மக்களோடு சேர்ந்து சொன்னார். இது எளிமையானது, விவிலியத்தில் ஊன்றியது, ஆகவே மாற்றத் தேவையில்லை என்று 1974இல் திருத்தந்தை ஆறாம் பவுல் எடுத்துக்காட்டினார்.

மூன்று நிமிடத்தால் என்ன ஆகிவிடும்? பட்டாசு வேலை தெரிந்தவர்களைக் கேளுங்கள். மருந்து அறைக்குள் போகுமுன் வாசலில் உள்ள செப்புத் தகட்டைக் கையால் தொட வேண்டும் என்பது பாதுகாப்பு முறை. நம் உடலில் கண்ணுக்குத் தெரியாமல் மின்சாரம் சேர்ந்திருக்கும். தகட்டைத் தொட்டால் அது மண்ணுக்குள் இறங்கிவிடும். தொடாமல் போனால் ஒரு சிறு பொறி போதும். அதற்கு நேரமில்லை என்று சொல்லலாமா?

மனதிலும் அப்படித்தான் சேர்கிறது. காலையில் வீட்டில் நடந்த வாக்குவாதம், கட்ட வேண்டிய குழுக் கடன், மேற்பார்வையாளர் சொன்ன கடுஞ்சொல் எல்லாவற்றையும் சுமந்தபடி வீட்டு வாசலை மிதிக்கிறோம். பிள்ளை ஒரு டம்ளர் தண்ணீரைக் கொட்டிவிட்டால் வெடித்துவிடுகிறோம். அடிபடுவது ஒன்றும் அறியாத பிள்ளை!

ஆகவே இந்த வாரம் மூன்று இடங்களில் நில்லுங்கள். காலையில் அடுப்புப் பற்றவைக்குமுன். மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்குமுன். மாலையில் வீட்டுப்படி ஏறுமுன். மணி கேட்காத இடத்தில் கைப்பேசி மணி அடிக்கட்டும். ஆனால் மருந்து இருக்கும் இடத்துக்குக் கைப்பேசி வேண்டாம், மதியச் சாப்பாட்டு வேளையே நமக்கு மணி. கை வேலையில் இருக்கும்போது கண்ணை மூட வேண்டாம். வேலையைக் கவனமாகச் செய்வதும் இறைவனுக்கு உகந்ததே. பேருந்தில் சன்னலோர இருக்கை கிடைத்தால் அதுவே உங்கள் படகு.

ஒரு வார்த்தை மற்றவர்களுக்கும். வேலை வாங்குவோரே, தொழிலாளியின் சாப்பாட்டு நேரத்தைக் குறைக்காதீர்கள். கணவன்மாரே, மாலையில் தண்ணீர்க் குடத்தை நீங்கள் வாங்கிக்கொண்டால், உங்கள் மனைவிக்கும் மூன்று நிமிடம் கிடைக்கும். ஒருவருக்கு அமைதியைப் பெற்றுத் தருவதும் செபம்தான்.

சீடர்களைப் படகில் ஏற்றிய ஆண்டவர், களைத்து வரும் நம்மையும் தம் அருகில் அமர்த்தி ஆசீர்வதிப்பாராக. ஆமென்.