உங்களுக்குத் தெரியுமா? 800 ஆண்டு முந்திய 'லாக்'

ஸ்காட்லாந்தின் நேப்பியர் 1614-இல் மடக்கை ('லாக்') நூலை வெளியிடுவதற்குச் சுமார் 800 ஆண்டுகள் முன்பே, நம் நாட்டுச் சமண முனிவர் ஒருவர் 'லாக்' கணக்கு போட்டுவிட்டார்!

● அவர் வீரசேனர். கி.பி. 816 வாக்கில் எழுதிய 'தவளா' உரையில் 'அர்த்தச்சேதம்' வருகிறது. ஓர் எண்ணை எத்தனை தடவை பாதியாக்கலாம் என்ற கணக்கு அது.

● 32, 16, 8, 4, 2, 1. ஐந்து வெட்டு. 2-இன் அடுக்கு 5 என்றால் 32. அடிமானம் 2-க்கு 32-இன் மடக்கை 5. ஏறினால் அடுக்கு, இறங்கினால் மடக்கை. இதற்கா பிள்ளைகள் இந்தப் பயம் பயப்படுகிறார்கள்!

● 8-க்கு 3 வெட்டு, 4-க்கு 2. இரண்டையும் பெருக்கினால் வரும் 32-க்கு 3 + 2 = 5. பெருக்கலைக் கூட்டலாக்கும் இந்த விதியும் வீரசேனருக்குத் தெரியும்.

● வீரசேனரைப் போன்ற சமணர்களுக்கு நம் தமிழ்நாட்டின் வானம் பார்த்த சீமையில், அருப்புக்கோட்டை வட்டாரத்துக் குரண்டியிலும் அந்தக் காலத்தில் பேர்பெற்ற சமணப் பள்ளி இருந்தது.

● நாம் எழுதும் அடுக்குக்குறி, நேப்பியருக்கும் பிந்தியது. பிரெஞ்சு அறிஞர் டெகார்ட் 1637-இல் அதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்.

1,024-க்கு எத்தனை வெட்டு? போட்டுப் பாருங்கள்.