ஒலிப்பதிவு மென்பொருளில் மூலமும் திட்டமும்

1. முன்னுரை

வாய்மொழி இலக்கியத்தை ஆராய்வோர்க்கு ஒலிப்பதிவே மூல ஏடு ஆகும். சுவடிகளை ஆராய்வோர் ஐயம் நேர்ந்தவிடத்து ஏட்டையே மீண்டும் நோக்கித் தெளிவர். அதுபோலவே நாட்டுப்பாடலை ஆராய்வோரும் பதிவினை மீண்டும் கேட்டுத் தெளிதல் வேண்டும். முன்னர் அப்பதிவு காந்த நாடாவில் இருந்தது. நாடா கையில் ஏந்தத்தக்க ஒரு பொருள். வைத்த இடத்தில் அஃது இருக்கும். இன்று அப்பதிவு கணினியில் கோப்பாக உள்ளது. கோப்பின் இயல்பை அறியாதார் அதனை எளிதில் இழப்பர்.

இவ்வுண்மையை யாம் இழந்தே கற்றோம். சில ஆண்டுகட்கு முன்பு முதிய அம்மையார் ஒருவர் பாடிய நடவுப்பாட்டையும் ஒப்பாரியையும் கணினியில் நேரே பதிவு செய்து, திட்டமாகச் சேமித்தோம். கணினியைப் பழுது பார்க்கக் கொடுக்குமுன் திட்டக்கோப்பினை மட்டும் பென் டிரைவில் படியெடுத்துக்கொண்டோம். கணினி வன்தட்டு முற்றும் அழிக்கப்பெற்று மீண்டது. பின்னர்த் திட்டத்தைத் திறந்தபோது, தரவுக் கோப்புறையைக் காணவில்லை என்னும் அறிவிப்பே வந்தது. அதற்குள் அம்மையாரும் மறைந்துவிட்டார். பிழை எம்முடையதே. அப்பிழை பிறர்க்கு நேராதிருக்கத் திட்டம் என்பது யாது, ஒலிக்கோப்பு என்பது யாது என்பனவற்றை இக்கட்டுரையில் விளக்க முயல்கின்றோம்.

2. திட்டக்கோப்பின் இயல்பு

இசைப்பதிவு மென்பொருளில் ஒருவர் சேமிப்பது பெரும்பாலும் ஒலியன்று. ஒலியைப் பற்றிய குறிப்பே ஆகும். எத்தனை தடங்கள் உள்ளன, எத்தடத்தில் எந்த ஒலிக்கோப்பின் எப்பகுதி எந்த விநாடியில் ஒலிக்க வேண்டும், ஒலியளவு யாது என்பனவே அதில் எழுதப்பெறும். ஒலி வேறொரு கோப்புறையில் தனியே கிடக்கும். பதிப்பாசிரியர் ஒருவர், இன்ன சுவடியின் இன்ன ஏட்டிற் காண்க என்று எழுதி வைத்த குறிப்பேட்டினை இதற்கு ஒப்பிடலாம். சுவடி அழிந்தபின் குறிப்பேடு எவ்வளவு செப்பமாக இருப்பினும் பயனில்லை.

ரீப்பர், ஆர்டோர், புரோ டூல்ஸ் ஆகிய மூன்றும் இம்முறையைப் பின்பற்றுவன. இவற்றில் ஒரு பகுதியை வெட்டினால் மூல ஒலிக்கோப்பு குறைவதில்லை; எங்கிருந்து எதுவரை ஒலிக்க வேண்டும் என்னும் குறிப்பே மாறும். ஆகவே வெட்டியதை என்றும் மீட்கலாம். ஆயின் ஒலிக்கோப்பின் இடத்தையோ பெயரையோ மென்பொருளுக்கு வெளியே மாற்றினால், குறிப்பிற்கும் ஒலிக்கும் இடையேயுள்ள தொடர்பு அறும். பிற இடத்திலுள்ள ஒலிக்கோப்பினைத் திட்டத்திற் சேர்க்கும்போதும் இவ்விடர் உண்டு. இதனைத் தவிர்க்க, ரீப்பரில் வேறு பெயரிற் சேமிக்கும்போது ஒலிக்கோப்புகள் அனைத்தையும் திட்டத்தின் கோப்புறைக்குப் படியெடுக்கும் வசதி உள்ளது. ஆர்டோரில் இறக்குமதியின்போதே படியெடுக்குமாறு பணிக்கலாம். புரோ டூல்சில் ஒலிக்கோப்புகளையும் உள்ளடக்கிய முழுப்படி ஒன்றை வேறிடத்திற் சேமிக்கலாம்.

3. ஆடாசிட்டியின் இரு நிலைகள்

மாணவர் பலரும் விலையின்றிப் பெற்றுப் பயன்படுத்துவது ஆடாசிட்டி என்னும் மென்பொருள். இது 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. 2021ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் வெளியான 3.0 பதிப்பு இதன் சேமிப்பு முறையை அடியோடு மாற்றியது. அதற்கு முன்னுள்ள பதிப்புகளில் திட்டம் இரு கூறுடையது. ஒன்று ஏ.யு.பி. என்னும் சிறிய எழுத்துக்கோப்பு. மற்றொன்று அதே பெயருடைய தரவுக் கோப்புறை. கோப்புறையினுள் ஒலியானது ஏறத்தாழ 6 விநாடி அளவுள்ள சிறு துண்டுகளாகக் கிடக்கும். ஒரு மணி நேர ஒற்றைத்தடப் பதிவு ஏறத்தாழ 600 துண்டுகளாகும். இவற்றின் வரிசை எழுத்துக்கோப்பில் உள்ளது. எனவே கோப்புறை நீங்கின் ஒலி இல்லை. எழுத்துக்கோப்பு நீங்கின் ஒலி, நூலறுந்து கலைந்த ஏடுபோலாகும். எமக்கு நேர்ந்தது முன்னது.

3.0 முதலாகத் திட்டம் முழுவதும் ஏ.யு.பி.3 என்னும் ஒரே கோப்பாயிற்று. இஃது எஸ்.க்யூ.லைட் என்னும் தரவுத்தள அமைப்புடையது. ஒலியும் குறிப்பும் இதனுள் ஒருங்கே அமைகின்றன. பழைய திட்டத்தைப் புதிய பதிப்பில் திறந்தால் புதிய கோப்பு ஒன்று உண்டாகும். பழையது அவ்வாறே இருக்கும். ஆயின் புதிய கோப்பினைப் பழைய பதிப்புகள் திறவா. திட்டம் திறந்திருக்கும்போது அதன் அருகே துணைக்கோப்புகள் தோன்றும். அந்நிலையில் முதற்கோப்பினை மட்டும் படியெடுத்தால் அப்படி குறையுடையதாகலாம். மென்பொருளை மூடிய பின்னரே படியெடுத்தல் முறை.

ஒரே கோப்பாயினமையின் இடர் முற்றும் நீங்கியது என்று கருதுதல் பொருந்தாது. ஆடாசிட்டியில் ஒரு பகுதியை அழித்துச் சேமித்துத் திட்டத்தை மூடினால், முந்திய நிலைக்கு மீளும் வழி அடைபடும். பாடகர் இருமியதை வேண்டாவென்று நீக்கும் மாணவர், அவ்விடத்தில் அவர் முணுமுணுத்த பாடவேறுபாட்டையும் உடன் நீக்கிவிடக்கூடும். எனவே முதல்வகை மென்பொருளில் தொடர்பு அறுதல் இடர்; இவ்வகையில் மூலமே திருத்தப்பெறுதல் இடர். இரண்டிற்கும் மருந்து ஒன்றே. அது மூலத்தைத் திட்டத்திற்கு வெளியே தனியே காத்தலாம்.

4. மூவகைக் கோப்புகள்

ஆய்வாளர் தம் கோப்புகளை மூவகையாகப் பகுத்தல் நன்று. முதலாவது மூலம், பதிவுக் கருவி தந்த, திருத்தப்பெறாத வேவ் கோப்பு. இரண்டாவது திட்டம், நாம் வெட்டியும் ஒட்டியும் பணிசெய்யும் இடம். மூன்றாவது வெளியீடு; பிறர் கேட்டற்கென ஏற்றுமதி செய்யும் கோப்பு. இவை முறையே ஏடும், பதிப்பாசிரியர் குறிப்பும், அச்சு நூலும் போல்வன.

வெளியீடு பெரும்பாலும் எம்.பி.3 வடிவில் அமையும். இவ்வடிவம் செவி எளிதில் உணராதெனக் கருதப்படும் ஒலிக்கூறுகளைக் களைந்து அளவைக் குறைப்பது. கேட்டு மகிழ இது போதும். ஒலியியல் அளவீட்டிற்கு ஏலாது. களைந்ததை வேவ் வடிவிற்கு மாற்றி மீண்டும் பெறுதல் இயலாது. இடம் சுருங்கவேண்டின் ஃப்ளாக் வடிவம் ஏற்றது. அதிலிருந்து மூல ஒலி சிறிதும் குறையாமல் மீளும்.

மூலத்தின் அளவினையும் முன்னரே கணித்தல் வேண்டும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் தரத்தில் இருதடப் பதிவு விநாடிக்கு 2,88,000 பைட்டு கொள்ளும். ஒரு மணிக்கு 100 கோடி பைட்டினும் சற்று மிகும். பொதுவான வேவ் கோப்பு ஏறத்தாழ 429 கோடி பைட்டினைக் கடக்கவியலாது. அதன் அளவைக் குறிக்கும் இடம் 32 பிட்டே ஆதலின். எனவே இத்தரத்தில் ஏறத்தாழ 4 மணி 8 நிமிடத்தில் எல்லை வந்துறும். விடிய விடிய நிகழும் கூத்தினைப் பதிவோர் இதனை மனங்கொள்ளல் வேண்டும்.

5. கடைப்பிடிக்கத்தக்கன

பதிவு முடிந்தவுடன், திருத்தத் தொடங்குமுன், மூலத்தை வேவ் கோப்பாகத் தனிக் கோப்புறையில் வைத்து, படிக்க மட்டும் இசைவுடையதாக அமைத்தல் வேண்டும். பெயரிடுகையில் ஆண்டு, திங்கள், நாள் என்னும் முறையை முன்வைத்து, ஊரும் வரிசை எண்ணும் சேர்த்தால் கோப்புகள் தாமே கால முறையில் அமையும். ‘புதியது’, ‘இறுதி’, ‘இறுதி 2’ என்னும் பெயர்கள் ஆறு திங்களில் பொருளிழப்பன.

பாடினார், ஊர், நாள், பாடற்சூழல் ஆகியவற்றைத் தமிழில் எழுதிய எழுத்துக்கோப்பு ஒன்று உடனிருத்தல் வேண்டும். ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் வகுத்த ஒலிபரப்பு வேவ் வடிவில் விளக்கக் குறிப்பிற்கு இடமுண்டு. ஆயின் அது 256 எழுத்தளவினது. ஆங்கில எழுத்திற்கே வகுக்கப்பெற்றது. அதனை மட்டும் நம்புதல் கூடாது.

படிகள் மூன்று வேண்டும். அவை இருவகைச் சேமிப்புக் கருவிகளில் அமைவதோடு, ஒன்று வேறு ஊரிலோ வேறு கட்டடத்திலோ இருத்தல் நலம். படிகள் மாறாதுள்ளனவா என அறியச் சரிபார்ப்பு எண் பயன்படும். கோப்பின் பைட்டுகள் அனைத்தையும் கொண்டு கணிக்கப்பெறும் அவ்வெண், ஒரு பைட்டு திரிந்தாலும் வேறாகும். ஏடெழுதுவோர் பிழை செய்தால் கண்டறிய நெடிய ஒப்பீடு வேண்டும். கணினி அதனை நொடியில் காட்டிவிடுகின்றது. இவ்வசதியைப் பயன்படுத்தாமை நம் குறையே.

6. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், திட்டத்தைச் சேமித்தல் வேறு, ஒலியைக் காத்தல் வேறு என்பது புலனாகும். மென்பொருள்கள் மாறும், அவற்றின் திட்ட வடிவங்களும் மாறும். திருத்தப்பெறாத மூல ஒலிக்கோப்பு மாற்றங்களைக் கடந்து நிற்கும். களப்பணி மேற்கொள்ளும் மாணவர் ஊரைவிட்டுப் புறப்படுமுன், தம் படியினை மற்றொரு கணினியில் திறந்து ஒருமுறை கேட்பாராக. யாம் அவ்வாறு கேட்டிருப்பின், அவ்வம்மையாரின் ஒப்பாரியை இன்றும் கேட்டிருப்போம்.