குளம் ஒன்றல்ல, தொடர்

2016-17 காலபோகத்தில் மழை பொய்த்து வயல்கள் வெடித்தன. 2018 டிசெம்பரில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம் புகுந்தது. வரட்சியும் வெள்ளமும் மாறிமாறி வரும் இக்காலத்தில், ஊர் திரும்பும் நாம் எதை முதலில் திருத்துவது?

நம் குளத்தை மட்டும் திருத்தினால் போதாது. வரண்ட வலயத்துச் சிறுகுளங்கள் சங்கிலிபோல் தொடர்ந்தவை. மேற்குளம் வான்பாய்ந்தால் கீழ்க்குளம் நிரம்பும். மேற்கட்டு உடைந்தால் கீழ்க்கட்டு தாங்குவது அரிது. இத்தொடர் முறையை ஐ.நா. உணவு விவசாய அமைப்பு உலக விவசாய மரபுரிமையாக ஏற்றது.

குளத்தின் தலைப்பில் நிற்கும் மருதும் இலுப்பையும் காற்றைத் தடுத்து நீர் ஆவியாவதைக் குறைக்கின்றன. பறவைக்கும் வௌவாலுக்கும் அவையே வீடு. கட்டின் கீழுள்ள தாழம்புதர் கசியும் நீரின் உப்பை வயலுக்குச் செல்லவிடாது தடுக்கிறது. வெறுங்காணியென்று இவற்றை வெட்டினால் நட்டம் நமக்கே.

ஆகவே, ஒரே தொடரிலுள்ள ஊர்களின் கமக்காரர் அமைப்புகள் ஒன்றாக இருந்து திட்டமிட வேண்டும்: எந்தக் கட்டு முதலில், எங்கே மரம், எவரிடம் மொட்டைக்கறுப்பன் விதைநெல் என்று. இன்னும் திரும்பாதோருக்கும் அக்கூட்டத்தில் இடம் வேண்டும். அவர்களின் காணியும் அதே நீரின் வழியில்தான் கிடக்கிறது.