வாடகை வீட்டு மறுப்பும் சட்டப் பாதுகாப்பும்: கல்வராயன் மலைப் பழங்குடியினரை முன்வைத்து

முன்னுரை

கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் சங்கராபுரம், கல்வராயன் மலைக்குக் கிழக்கே சமவெளியில் அமைந்த பேரூராட்சியாகும். மலையில் வாழும் மலையாளி இனத்தவர் பட்டியல் பழங்குடியினர் ஆவர். கல்வி, வேலை கருதிக் கீழிறங்கும் ஒருவருக்குப் பழங்குடி என்பதாலேயே வாடகை வீடு மறுக்கப்படின், சட்டம் எந்த அளவுக்குத் துணைநிற்கும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

அரசியலமைப்பு

தனிமனிதர் காட்டும் பாகுபாட்டையும் தடைசெய்யும் 15(2)ஆம் உறுப்பு கடை, உணவகம், கிணறு, குளம், சாலை முதலியவற்றைச் சுட்டுகிறது, குடியிருப்பைச் சுட்டவில்லை. பார்சிகள் மட்டுமே உறுப்பினராகலாம் என்னும் வீட்டுவசதிச் சங்கத்தின் துணைவிதியை உச்ச நீதிமன்றம் 2005இல் செல்லும் என ஏற்றது.

குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 1955

குடியிருப்பை வெளிப்படையாகப் பேசுவது இச்சட்டமே. எப்பகுதியிலும் வீட்டைப் பெறுதல், கட்டுதல், அதில் குடியிருத்தல் ஆகியவற்றில் தீண்டாமையின் பேரால் தடை விதிப்பதை இதன் 4ஆம் பிரிவு குற்றமாக்குகிறது. ‘வீடு காலியில்லை’ என்று சொல்பவர் உண்மைக் காரணத்தை வெளியிடுவதில்லை. ஆதலின், பட்டியல் சாதியினருக்கு எதிராக இச்சட்டத்தின்படி குற்றமாகும் செயல் நிகழ்ந்தால், அது தீண்டாமையால் நிகழ்ந்ததென்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என 12ஆம் பிரிவு கூறுகிறது. மறுத்து மெய்ப்பிக்கும் சுமை எதிரியைச் சேர்கிறது. ஆனால் இவ்வனுமானம் பட்டியல் பழங்குடியினருக்கு நீட்டிக்கப்படவில்லை.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 1989

2015ஆம் ஆண்டுத் திருத்தம் பொருளாதாரப் புறக்கணிப்பைக் குற்றமாக்கியது; இரு பிரிவினரும் இதில் அடங்குவர். வழக்கமான வணிக நிபந்தனைகளின்படி நடக்க மறுப்பதும் இப்புறக்கணிப்பின் வரையறைக்குள் வருவதால், வாடகை மறுப்பும் இதில் அடங்கும் என வாதிட இடமுண்டு. எனினும் வாடகை என்னும் சொல் அங்கில்லை. தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டமோ எழுத்துவழி ஒப்பந்தத்தை வலியுறுத்துகிறது. ஒப்பந்தத்துக்கு முன் நிகழும் மறுப்பைப் பற்றிப் பேசவில்லை.

முடிவுரை

அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டு நியாய வீட்டுவசதிச் சட்டம், இனம் கருதி வாடகை மறுப்பதையும், காலியாக உள்ள வீட்டை இல்லையெனப் பொய் சொல்வதையும் தனித்தனியே தடைசெய்தது. இங்கு உரிமை ஏட்டில் உள்ளது. அதை மெய்ப்பிக்கும் வழியே பழங்குடியினருக்குக் குறுகியுள்ளது. 12ஆம் பிரிவின் அனுமானத்தை அவர்களுக்கும் நீட்டிப்பதும், வாடகைச் சட்டத்தில் மறுப்பைத் தடைசெய்யும் பிரிவைச் சேர்ப்பதும் இவ்விடைவெளியை நிரப்பும்.